புகழ்ந்தவன் வீட்டுச் சிங்கம்

ஜஹ்ரா என்ற அரபு ஊரில் பர்ராக்கைத் தெரியாதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவன் வாழ்க்கையின் ஒரே குறை அதுதான். மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. அரசாங்க அலுவலகம் ஒன்றில் கோப்புப் பிரிவில் வேலை. காலையில் போய் விரல்ரேகை வைக்க வேண்டும், மதியம் கிளம்பும்போது இன்னொரு முறை வைக்க வேண்டும். இரண்டு ரேகைக்கும் நடுவே அரசாங்கம் அவனிடம் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை; அவனும் அரசாங்கத்தை ஏமாற்றியதில்லை. மனைவி முனீரா, சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் டீச்சர். தீமா என்று நாலு வயதில் ஒரே மகள். தீமாவின் அப்பா என்பதால் ஊருக்கு அவன் அபூ தீமா.

மாலையானால் அபூ ஃபவாஸின் திவானியாவுக்குப் போய்விடுவான். சுவரோரம் நீளநீளமாகத் திண்டு போட்ட பெரிய கூடம் அது. ஆண்கள் கூடி, காப்பி குடித்து, உலகத்தைத் திருத்திவிட்டுக் கலைவார்கள். உள்ளே யார் நுழைந்தாலும் இருப்பவர்கள் எழுந்து நின்று வரவேற்பது வழக்கம். பர்ராக் நுழைந்தால் பாதிப் பேர் பாதி எழுந்திருப்பார்கள். மீதிப் பேர் எழுந்திருக்கப் போவதுபோல் முழங்காலில் கை வைப்பார்கள். அவனுக்கு இடம் வாசல் பக்கம், செருப்புகளுக்குப் பக்கத்தில். இருபது வருஷமாக அந்த இடத்தில் உட்கார்ந்து, யார் எந்தச் செருப்புப் போடுகிறார்கள் என்பதில் அவன் கரைகண்டிருந்தான்.

அபூ ஃபவாஸ் கார் வியாபாரி. பணம் இருக்கிறதென்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. தைரியமும் இருக்கிறதென்று தெரியவேண்டாமா? முதலில் ராஜாளி வளர்த்தார். ராஜாளி எல்லாரிடமும் இருந்தது. அப்புறம் ஒரு சிங்கக்குட்டி வந்தது. எங்கிருந்து, யார் பெட்டிக்குள் மூச்சு முட்டி வந்தது என்றெல்லாம் கேட்பது நாகரிகமில்லை, யாரும் கேட்கவுமில்லை. பால்குடி மறக்காத வயதில் திவானியாவின் கம்பளத்தில் அது உருண்டபோது பெரிய மனிதர்களெல்லாம் மடியில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். நகம் கம்பளத்தைக் கிழிக்கிறதென்று யாரோ ஒருவரை வைத்து விரல்நுனியோடு நகங்களை எடுத்துவிட்டார் அபூ ஃபவாஸ். நகம் போனால் பூனைதான் என்று சொல்லிக்கொண்டார். நகம் போனாலும் பல் இருந்தது. இரண்டு திண்டு, ஒரு பாரசீகக் கம்பளம், காப்பி ஊற்றுபவனின் கெண்டைக்கால் என்று வரிசையாகப் போனதும் அவர் மனைவி கதவுக்குப் பின்னாலிருந்து ஏதோ சொன்னாள். என்ன சொன்னாளோ, அன்றிலிருந்து சிங்கக்குட்டி திவானியாவின் நட்டநடுவில், எல்லார் கண்ணிலும் படும்படி கட்டிவைக்கப்பட்டது.

ஏன் என்று அங்கிருந்த எல்லாருக்கும் புரிந்துவிட்டது. ஒருவரிடம் இருக்கும் பொருளைப் பார்த்து ‘ரொம்ப நல்லாருக்கே’ என்று சொல்லிவிட்டால், ‘உங்களோடதுதான், எடுத்துக்கோங்க’ என்று உடையவர் சொல்வார். புகழ்ந்தவர் வேண்டாம் என்பார். மறுபடி எடுத்துக்கோங்க, மறுபடி வேண்டாம். மூன்று சுற்று முடிந்ததும் பொருள் இருந்த இடத்திலேயே இருக்கும், மரியாதை மட்டும் ஒரு சுற்று போய்வரும். கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி, கார் என்று எத்தனையோ இப்படி வழங்கப்பட்டு எங்கும் போகாமல் இருந்திருக்கின்றன. ஆனால் கொடுப்பவர் ஆண்டவன் மேல் ஆணையிட்டுவிட்டால் விளையாட்டு முடிந்தது. அதற்குமேல் மறுப்பது அவர் முகத்தில் துப்புவதற்குச் சமம்.

ஆகவே அடுத்த இரண்டு வாரம் திவானியாவில் எல்லாரும் எல்லாவற்றையும் புகழ்ந்தார்கள். காப்பியில் ஏலக்காய் அளவாக இருந்தது. பேரீச்சம்பழம் வாயில் கரைந்தது. குளிர்சாதன இயந்திரத்தைக்கூட ஒருவர் நெஞ்சாரப் பாராட்டினார். நடுவில் ஒரு சிங்கம் படுத்திருப்பதை மட்டும் எவருமே கவனிக்கவில்லை. பர்ராக்குக்கு மட்டும் ஜலதோஷம், அந்த இரண்டு வாரமும் வீட்டில் படுத்திருந்தான். மூக்கு சரியானதும் கிளம்பி வந்து, செருப்புப் பக்கம் உட்கார்ந்து, சிங்கக்குட்டியைப் பார்த்து, “மாஷா அல்லா, எவ்ளோ அழகா வளந்துருச்சு” என்றான்.

அபூ ஃபவாஸ் பர்ராக்கைப் பார்த்த பார்வையில், கடலில் தத்தளித்தவன் கட்டையைப் பார்த்த நன்றி இருந்தது.

“உன்னோடது,” என்றார்.

பர்ராக் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றான். இரண்டாம் முறை அபூ ஃபவாஸ் எழுந்து நின்று சொன்னார். பர்ராக் தன் மார்பில் கை வைத்து, உங்கள் வீட்டிலேயே நூறாண்டு இருக்கட்டும் என்றான். மூன்றாம் சுற்று வந்தது.

“அல்லா மேல ஆணை, அபூ தீமா. இது உன் வீட்டுக்கு வந்தாகணும். நீ வேணாம்னா இனிமே இந்த வாசப்படி மிதிக்காத.”

பர்ராக் வாயைத் திறப்பதற்குள் சுற்றிலும் இருந்தவர்கள் ‘மப்ரூக், மப்ரூக்’ என்று வாழ்த்திவிட்டார்கள். அத்தனை வேகமாக அவர்கள் தொழுகைக்குக்கூட எழுந்ததில்லை. ஒருவர் சங்கிலியை அவிழ்த்தார், ஒருவர் கார்க்கதவைத் திறந்தார், வயசான இன்னொருவர் பின்சீட்டில் துண்டு விரித்துக் கொடுத்தார். வேலியில் போன ஓணானை மடியில் எடுத்துவிட்டுக்கொண்டவன் கதையைக் கேட்டிருக்கிறோம். பர்ராக்கின் மடியில் ஊரே சேர்ந்து எடுத்துவிட்டது.

முனீரா வாசலிலேயே நின்றாள். ஒரு வகுப்பு நிறைய ஆறு வயதுப் பிள்ளைகளை மேய்ப்பவள், சட்டென்று கத்துகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. சங்கிலியின் இந்தப் பக்கம் புருஷன், அந்தப் பக்கம் சிங்கம். இரண்டையும் ஒருமுறை பார்த்துவிட்டு, திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். கொடுத்த பரிசைத் திருப்பினால் மானம் போய்விடும் என்றான். யார் மானம் என்று கேட்டாள். குட்டிதானே, பழக்கினால் பழகிவிடும் என்று மட்டும் சொன்னான். தீமா அதற்குள் அதன் வாலைப் பிடித்திருந்தாள்.

அதற்கு லைத் என்று பெயர் வைத்தான். லைத் என்றாலும் சிங்கம் என்றுதான் அர்த்தம். சிங்கத்துக்குச் சிங்கம் என்று பெயர்வைக்கும் அளவுக்கு அவன் கற்பனை வளமானது.

அப்புறம் நடந்ததை அவன் கனவிலும் நினைத்திருக்கவில்லை. கடற்கரைச் சாலையில் காரோட்டிப் போனால் பக்கத்துக் கார்கள் மெதுவாகின. சிவப்பு விளக்கில் நிற்கையில் ஜன்னலெல்லாம் இறங்கி, கைபேசிகள் நீண்டன. கல்யாண வீடுகளில் மாப்பிள்ளையைவிட லைத்தோடு படமெடுக்கத்தான் கூட்டம். அலுவலகத்தில் மேலதிகாரி கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுத்தார். திவானியாவில் அவன் நுழைந்ததும் முழுக்கூடமும் முழுதாக எழுந்தது. இடம் செருப்பிலிருந்து நகர்ந்து நகர்ந்து அபூ ஃபவாஸுக்குப் பக்கத்துத் திண்டுவரை வந்துவிட்டது. இப்போது யாரும் அபூ தீமா என்று கூப்பிடவில்லை. அபூ லைத் என்றார்கள். பெற்ற பிள்ளை தராத பெருமையைக் கட்டிப்போட்ட மிருகம் தந்தது. முதல் தடவை அந்தப் பெயரில் அழைத்தபோது பர்ராக்குக்குக் கண் கலங்கியது, வெட்கமில்லாமல் சொல்கிறேன், உண்மையாகவே கலங்கியது.

யானையைக் கட்டித் தீனி போடுவது கஷ்டம் என்பார்கள். சிங்கம் அதற்குத் தம்பி. தினம் கோழி வாங்கினான். எலும்பு தொண்டையில் சிக்கிவிடக் கூடாதென்று நெஞ்சுக்கறியாகப் பார்த்து, தோல் உரித்து, கழுவி, சில நாள் மஞ்சளும் உப்பும்கூடப் போட்டு வைத்தான். தன் பெண்ணுக்கு ஒருநாள் சோறு ஊட்டாதவன், சிங்கத்துக்குத் துண்டு துண்டாக ஊட்டினான். வீட்டு நாற்றம் தெருமுனையிலேயே அடையாளம் சொல்லும் நிலைக்கு வந்தது. பெருநாளுக்கு வாங்கிக் கட்டியிருந்த ஆடு பயத்திலேயே பெருநாளுக்கு முந்தி இறந்துபோனது. ஊர் சிரித்தது, படம் எடுத்தது, ‘என்ன கம்பீரம் பாரு’ என்றது. கம்பீரமாக நடந்த சிங்கம் மட்டும் கொஞ்ச நாளில் நொண்ட ஆரம்பித்தது.

மிருக டாக்டர் ஷுக்ரி எகிப்துக்காரர். வாயில் வருவதை விழுங்கத் தெரியாதவர். லைத்தின் கால்களைத் தடவிப் பார்த்தார். முன்கால் இரண்டும் வில்லாக வளைந்திருந்தன. என்ன சாப்பாடு என்று கேட்டார். பர்ராக் பெருமையாகச் சொன்னான்.

“எலும்பில்லாத நெஞ்சுக்கறியா? புதுமாப்பிள்ளைக்குப் போடற மாதிரி போட்டிருக்கீங்க. காட்டுல எந்த மான் எலும்பில்லாம ஓடுது? இதோட எலும்பு பூரா பஞ்சாப் போச்சு. நகத்த எடுத்த இடத்துலயும் சீழ். நடக்கறப்பல்லாம் இதுக்கு வலிக்கும், அது உங்களுக்குத் தெரியாது.”

மருந்து எழுதிக் கொடுத்தார். வலியில் இருக்கும் மிருகம் இன்னும் மோசம் என்றார். வீட்டில் சின்னப் பிள்ளை உண்டா என்றும் கேட்டார். ஒரு பெண் இருக்கிறாள், இரண்டும் ஒன்றாகவே வளர்கின்றன, அக்கா தம்பி மாதிரி என்றான் பர்ராக். டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே தலையை ஆட்டினார். “உங்களக் கண்டா தலைய ஆட்டும், உங்க கைய நக்கும். அத வச்சு முடிவு பண்ணாதீங்க. குட்டையா எது இருக்கோ, எது முதுகு காட்டுதோ, எது ஓடுதோ, அத எப்படிப் பாக்குதுன்னு பாருங்க. அதுக்கு யார்மேலயும் கோவம் கிடையாது. அதுக்கு வேற ஒண்ணும் தெரியாது, அவ்வளவுதான்.”

பர்ராக் மருந்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தான். தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பது மாட்டுக்கு நல்ல அறிவுரைதான்.

லைத் வளர்ந்தது. கூடத்திலிருந்து பின்முற்றத்துக்கு மாற்றி, கம்பி வலை அடித்து, வலைக்குள் விட்டான். வலைக் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு. போட மறப்பதும் உண்டு. முற்றத்துக்கும் கூடத்துக்கும் நடுவே பெரிய கண்ணாடிக் கதவு. ஒரு மத்தியானம் தீமா கண்ணாடிக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பொம்மைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். பர்ராக் மாடியில் குட்டித் தூக்கத்தில் இருந்தான். முனீரா சமையலறையிலிருந்து தட்டோடு வெளியே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லைத் வயிறு தரையில் படப் படுத்திருந்தது. தோள் இரண்டும் மேலே ஏறியிருந்தன. கண் குழந்தையின் பிடரியிலேயே இருந்தது. வால்நுனி ஒருமுறை அசைந்து நின்றது. முனீரா தட்டைப் போட்டுவிட்டுக் குழந்தையை இழுத்துக்கொண்ட நொடியில் அது பாய்ந்தது. கண்ணாடி உடையவில்லை, மேலிருந்து கீழ்வரை விரிசல் விட்டது. குழந்தை திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

சத்தம் கேட்டு இறங்கிவந்த பர்ராக் விரிசலைப் பார்த்தான், மனைவியின் முகத்தைப் பார்த்தான். “விளையாடுது முனீரா. அவளப் புடிக்கும் அதுக்கு” என்றான்.

அவள் சண்டை போடவில்லை. பிள்ளையின் துணிகளை ஒரு பையில் வைத்தாள், பாடப் புத்தகங்களை இன்னொரு பையில் வைத்தாள், ரவ்தாவிலிருக்கும் தன் அப்பா வீட்டுக்குக் கிளம்பினாள். காரில் ஏறும்போதுதான் பேசினாள். “அது வீட்ட விட்டுப் போனதும் ஃபோன் பண்ணுங்க, வர்றோம். அதுக்கு முந்தி பண்ண வேணாம்.”

வீடு காலியானதும் பர்ராக்குக்குச் சோறு இறங்கவில்லை. தீமாவின் செருப்பு வாசலில் ஒன்று குப்புறக் கிடந்தது, அதை நிமிர்த்தி வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான். சிங்கத்தைத் தொலைத்துவிட வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. மானம் போகாமல் தொலைக்க வேண்டும், அதுதான் சிக்கல்.

முதலில் அபூ ஃபவாஸிடம் போனான். கொடுத்ததைத் திரும்ப வாங்கினால் என் நிலைமை சரிந்துவிட்டதென்று ஊர் பேசும், அப்புறம் எவன் என்னிடம் கார் வாங்குவான் என்று அவர் நியாயம் கேட்டார். மிருகக்காட்சிசாலை ஒன்றில் விசாரித்தான். உங்களைப்போல் ஆசைப்பட்டு வளர்த்தவர்கள் விட்டுப்போனதே நிறைய இருக்கிறது, இடமில்லை என்றார்கள். இப்படிப்பட்ட மிருகங்களைப் பிடித்துப்போக அரசாங்கத்தில் ஒரு பிரிவு உண்டு. ஒரு ஃபோன் போதும், வண்டி வந்துவிடும். ஆனால் வண்டியோடு வழக்கும் வரும், நீதிமன்றம் வரும், தெருவே கூடி வேடிக்கை பார்க்கும். அபூ லைத்தின் லைத்தைக் கூண்டில் ஏற்றிக்கொண்டு போவதைத் தெருவே படமும் எடுக்கும். பர்ராக் அந்த எண்ணைக் கைபேசியில் குறித்து வைத்துக்கொண்டான். குறித்து வைத்ததோடு சரி.

கடைசியில் தனக்கு நடந்ததையே இன்னொருவருக்கு நடத்திவிடுவது என்று தீர்மானித்தான். முழு ஆட்டை வேகவைத்து, மச்பூஸ் சோற்று மலைமேல் படுக்கவைத்து, திவானியா ஆட்கள் எல்லாரையும் விருந்துக்கு அழைத்தான். சாப்பாட்டை முற்றத்தில், கம்பி வலைக்கு நேர் எதிரே போட்டான். யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் சிங்கத்தைப் பார்க்காமல் ஒரு கவளம் எடுக்க முடியாது. வந்தவர்களோ பழம் தின்று கொட்டை போட்டவர்கள். சோற்றைப் புகழ்ந்தார்கள், ஆட்டைப் புகழ்ந்தார்கள், இந்த வருஷம் மழை பரவாயில்லை என்றார்கள். சிங்கம் இரண்டு முறை உறுமியது. யாருக்கும் காது கேட்கவில்லை. பர்ராக்குக்குப் பொறுக்கவில்லை. லைத் எப்படி வளர்ந்திருக்கிறது பார்த்தீர்களா என்று வாய்விட்டே கேட்டான். அன்று காரில் துண்டு விரித்துக் கொடுத்த கிழவர் கையை நக்கிக்கொண்டு நிதானமாக வலைப்பக்கம் திரும்பினார்.

“சங்கிலி நல்லாருக்கு,” என்றார்.

பர்ராக் என்ன செய்வான்? உங்களோடதுதான் என்றான். கிழவர் ஒரே ஒரு சுற்று மறுத்துவிட்டு, வலைமேல் மாட்டியிருந்த சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு போனார்.

இப்படி வாரங்கள் ஓடின. இதற்குள் முனீராவுக்கு ஃபோன் செய்ய எத்தனையோ முறை எடுத்து, சொல்ல ஒன்றும் இல்லாமல் வைத்தான். அந்தச் சமயத்தில்தான் அலுவலகத்துக்கு ஃபைஹான் என்று ஒரு இளைஞன் மாற்றலாகி வந்தான். தெற்கே எங்கோ இருந்து வந்தவன், ஜஹ்ராவின் சூதுவாது தெரியாது. அபூ லைத் யார் என்று கேட்டு, தேடிவந்து, கைபேசியில் இருந்த படங்களைப் பார்த்து, “அண்ணே, வாழ்ந்தா இப்படி வாழணும். இந்த மாதிரி ஒண்ணு வச்சிருந்தா வேற என்ன வேணும்?” என்றான்.

பர்ராக் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. உன்னோடது தம்பி என்றான். ஃபைஹான் பதறி மறுத்தான். பர்ராக் இரண்டாம் சுற்றிலேயே ஆண்டவன் மேல் ஆணையிட்டுவிட்டான், மூன்றாம் சுற்றுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. வீட்டில் யார் யார் என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டபோது, மனைவி, இப்போதுதான் நடக்கப் பழகும் ஒரு பெண்குழந்தை என்று ஃபைஹான் சொன்னது பர்ராக்கின் காதில் நன்றாகவே விழுந்தது. விழுந்ததை அவன் காதோடு நிறுத்திக்கொண்டான். அன்று பல வாரத்துக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டான்.

மறுநாள் பிற்பகல் ஃபைஹான் வண்டியோடு வந்தான். குழந்தையையும் தூக்கி வந்திருந்தான். தன் சிங்கத்தை அவள் பார்க்க வேண்டுமாம். முற்றத்தில் இறக்கிவிட்டான். அவள் கால் பின்னப் பின்ன நாலு எட்டு வைத்து, கீழே கிடந்த கூழாங்கல்லை எடுக்கக் குனிந்தாள். வலைக்கு முதுகு காட்டி.

பர்ராக் அப்போதுதான் அதைப் பார்த்தான். தினமும் ஊட்டியவன், குளிப்பாட்டியவன், பக்கத்தில் படுத்துத் தூங்கியவன், இத்தனை நாளில் லைத்தின் முகத்தில் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. கோபம் இல்லை, பசிகூட இல்லை. வயிறு தரையோடு ஒட்டியது. நொண்டிக் கால் நொண்டாமல் ஒவ்வொன்றாக நகர்ந்தது. வலியெல்லாம் மறந்துவிட்டதுபோல் இருந்தது. வால்நுனி நின்றது. குழந்தையை நோக்கி ஓடினான். லைத் பாய்ந்து வலையில் மோதியது. கம்பங்கள் ஆடின, ஒரு பக்கம் வலை பிடுங்கிக்கொண்டு தொங்கியது. பர்ராக் குழந்தையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றான்.

ஃபைஹான் கைதட்டிச் சிரித்தான். “பாத்தீங்களா, அதுக்கு எம் பொண்ணப் புடிச்சிருச்சு” என்றான்.

பர்ராக் குழந்தையை அவன் கையில் கொடுத்து, கிளம்பச் சொன்னான். சிங்கம் கிடையாது என்றான். ஃபைஹானுக்குப் புரியவில்லை. ஆணையிட்டீர்களே என்றான். இட்டதுதான், பொய்யாகப் போகட்டும் என்றான் பர்ராக். இளைஞனின் முகம் சிவந்துபோனது. கொடுத்துவிட்டுப் பிடுங்குகிறவனை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு போனான். தொங்கிய வலையைக் கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டு, பர்ராக் கைபேசியை எடுத்தான். குறித்து வைத்த எண் அதிலேயேதான் இருந்தது.

வண்டி வந்தது. எதிர்பார்த்தபடி தெருவும் வந்தது. மயக்க ஊசி போட்டு லைத்தைத் தார்ப்பாயில் வைத்து நாலு பேர் தூக்கினார்கள். கூட்டத்தில் கைபேசி பிடிக்காத கை இல்லை. பர்ராக் ஓரமாக நின்று அதன் முன்காலைத் தொட்டான், வளைந்த எலும்பு தோலுக்கடியில் தட்டுப்பட்டது. ஷுக்ரியும் வந்திருந்தார். இதற்கு இனிக் காடும் கிடையாது, வீடும் கிடையாது, சாகும்வரை எங்கோ ஒரு கூண்டில் நொண்டிக்கொண்டு இருக்கும் என்றார். இந்தத் தடவை அவர் குரலில் கேலி இல்லை. பர்ராக் அழுதான். எல்லாரும் பார்க்க அழுதான். அது ஒன்றும் செய்யாமலே இந்தக் கதிக்கு வந்ததென்று அவனுக்குத் தெரிந்தது, யார் கொண்டுவந்தது என்றும் தெரிந்தது.

வழக்கு தனியாக நடக்கிறது. திவானியா அதைவிட வேகமாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆணையிட்டுக் கொடுத்ததைப் பிடுங்கினவன், விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்பினவன். அடுத்த தடவை பர்ராக் போனபோது பாதிகூட எவரும் எழவில்லை. அபூ ஃபவாஸ், நல்ல மனிதர், இந்தக் காலத்தில் வாக்குக்கே மதிப்பில்லை என்று பொதுவாக வருத்தப்பட்டார்.

பர்ராக் முனீராவுக்கு ஃபோன் செய்தான். போய்விட்டது என்றான். வந்து கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள்.

ரவ்தாவில் தீமா ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். முனீரா பைகளோடு தயாராக நின்றாள். பர்ராக் நடந்ததையெல்லாம் சொன்னான். ஃபைஹானுக்குக் கொடுத்ததை, குறித்து வைத்த எண்ணைத் தேடி எடுத்ததை, வழக்கை, தெருக்கூட்டத்தை, திவானியாவில் தலைகுனிந்ததை. மானத்தை விட்டுத்தான் இதைச் செய்தேன் என்றான். அவளிடமிருந்து ஒரு நல்ல வார்த்தையை அவன் எதிர்பார்த்தான் என்பது தெளிவாகவே தெரிந்தது.

“அந்தத் தம்பி வீட்டுல புள்ள இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்ல?” என்று கேட்டாள் முனீரா.

“கடைசில குடுக்கலையே.”

“குடுத்தீங்க. அப்புறம்தான் புடுங்கினீங்க.” பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “அந்த ஃபோன் நம்பர எப்ப குறிச்சு வச்சீங்க?”

பர்ராக் குனிந்து இன்னொரு பையை எடுத்துக்கொண்டான்.

வருவேன் என்று சொன்னபடி வந்துவிட்டாள். கண்ணாடி மாற்றியாயிற்று, முற்றத்தைக் கழுவியாயிற்று, பள்ளிக்கூடம், சமையல், துணி எல்லாம் முன்போல நடக்கின்றன. சண்டை இல்லை, சிடுசிடுப்பு இல்லை. பர்ராக் அலுவலகத்திலிருந்து வந்ததும் தீமாவைத் தூக்கிச் சுற்றுவான், அவள் கூச்சல் போட்டுச் சிரிப்பாள். அப்போது மட்டும் முனீரா கைவேலையை நிறுத்திவிடுவாள். குழாயை மூடிவிட்டு, சமையலறை வாசலில் வந்து நின்று, கண்ணெடுக்காமல் அவனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். குழந்தையைக் கீழே இறக்கிவிட்ட பிறகுதான் உள்ளே போவாள்.